கண்ணுக்குள் சிபிலிஸ்: சிகிச்சைக்குப் பிறகும் கிருமி தங்குமா?

யுவைடிஸ் (கண்ணுக்குள் வரும் அழற்சி) நோயாளிகளைத் தினமும் பார்க்கும் கண் மருத்துவர் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், அண்ணனுக்கு ஒரு மாதமாகக் கண் சிவந்து பார்வை மங்கல். ரத்தத்தில் சிபிலிஸ் என்கிறார்கள். அதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஊரில் மேகநோய், பறங்கிப்புண் என்பது இதைத்தான், பாலுறவால் தொற்றுவது. புண் தானாக ஆறிவிடும், ஆனால் கிருமி அதற்குள் ரத்தத்தில் கலந்திருக்கும். விழித்திரை, பார்வை நரம்பு என்று கண்ணில் எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும். பார்க்க மற்ற யுவைடிஸ் மாதிரியேதான் இருக்கும். அண்ணனிடம் விசாரணை வேண்டாம், சீக்கிரம் அட்மிட் செய்யுங்கள். எச்ஐவி பரிசோதனையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

கேள்வி: கண்ணிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால் கிருமி தெரியாதா?

பதில்: கண்ணை மரத்துப்போகச் செய்து, மிக மெல்லிய ஊசியால் முன்னறைத் திரவம், அதாவது கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நீர், 0.1 மில்லி எடுப்போம். இரண்டு சொட்டுதான். கிருமியின் தடிமன் 0.2 மைக்ரான் அளவே, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. இருட்டுப்புல நுண்ணோக்கியில் கறுப்புப் பின்னணியில் வெள்ளியிழை போல மின்னி, திருகாணி மாதிரி சுழன்று போகும். இப்போது கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை இருக்கிறது. ஆனால் இரண்டு சொட்டில் கிடைக்கவில்லை என்பதற்காகக் கண்ணில் இல்லை என்றாகாது. பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையையும் கண்ணில் தெரிவதையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்கிவிடுவோம்.

கேள்வி: பென்சிலின் போட்ட பிறகும் கண்ணில் கிருமி இருந்ததாகப் படித்தேன். பயமாக இருக்கிறது.

பதில்: அமெரிக்காவின் மயாமியில் ஜே. லாட்டன் ஸ்மித் என்ற நரம்பு-கண் மருத்துவர் 1967-இல் எழுதியது அது. பென்சிலின் பெற்றவர்களின் முன்னறைத் திரவத்திலும் சுருள் உருவங்களைக் கண்டார். ஆனால் சாயமேற்றிப் பார்க்கும்போது கிருமியல்லாத நாரும் சுருளாகத் தெரியலாம். கிருமியே என்றாலும் அது உயிரோடு இருந்ததா என்பது வேறு கேள்வி. அதை அறிய அன்று அந்தத் திரவத்தை முயலுக்குச் செலுத்தி, நோய் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறையே 2018-இல்தான் வெளியானது. பிசிஆரும் செத்த கிருமியின் டிஎன்ஏவைக் காட்டக்கூடும்.

ஆனாலும் அவர் கவலையை நான் ஒதுக்கமாட்டேன். இந்தக் கிருமி ஒருமுறை பிரிய 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும், பென்சிலினோ செல்சுவர் கட்டும் நேரத்தில்தான் கொல்லும். மருந்து போதிய அளவில் நாள்கணக்கில் கண்ணுக்குள் நிற்க வேண்டும். அதனால்தான் இன்று பென்சிலினை ரத்தக்குழாய் வழியாக நாளொன்றுக்கு 180 முதல் 240 லட்சம் யூனிட், 4 மணிக்கொரு முறையாகப் பிரித்து, 10 முதல் 14 நாள் தருகிறோம்.

கேள்வி: தம்பிக்கும் இதே கண் பிரச்சினை. இடுப்பில் ஒரே ஒரு பென்சத்தீன் பென்சிலின் ஊசி போட்டார்கள். போதுமா?

பதில்: போதாது. அது கண்ணுக்குள் தேவையான அளவு போய்ச் சேராது. நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: முதல் நாளே காய்ச்சலும் நடுக்கமும் வந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது வருவது இது, ஒரு நாளில் அடங்கும். தடிப்போ மூச்சுத்திணறலோ இருந்தால் அது அலர்ஜி, உடனே சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்து 2 வருடம். டிபிஎச்ஏ இன்னும் பாசிட்டிவ். கிருமி ஒளிந்திருக்கிறதா?

பதில்: டிபிஎச்ஏ இந்தக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கப் பாசிட்டிவ்தான். சிகிச்சையின் பலனைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான விடிஆர்எல் அளவைப் பாருங்கள்: 1:64 இருந்தது நான்கு மடங்கு குறைந்து 1:16 ஆனால் மருந்து வேலை செய்திருக்கிறது. சிலருக்குக் கீழே ஓர் அளவில் அப்படியே நின்றுவிடும். பார்வை முழுதாகத் திரும்பாததற்குப் பெரும்பாலும் விழித்திரையில் விழுந்த தழும்பே காரணம். அளவு மறுபடி நான்கு மடங்கு ஏறினால் மட்டும் உடனே வாருங்கள். அப்போது நான் முதலில் கேட்பது, வீட்டில் துணைக்கும் சிகிச்சை நடந்ததா என்றுதான்.