விமானி ஆவதற்கான வழி: டர்பன் பயிற்றுநரின் கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த், ஒரு தாய்): ஐயா, மகன் மெட்ரிக் முடித்துவிட்டான். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டு என்று ஒரு பயிற்சிப் பள்ளி சொல்கிறது. வீட்டின் பேரில் கடன் வாங்கிக் கட்டிவிடலாமா?

பதில்: அம்மா, தயவுசெய்து கட்டாதீர்கள். என் தந்தை தம் ஓய்வூதியத் தொகையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணத்தை நானும் இப்படித்தான் ஒரு பள்ளியில் மொத்தமாகக் கட்டினேன். 61 மணி நேரம் பறந்திருந்த நிலையில், ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் விமானக் கொட்டகைக் கதவில் சங்கிலி தொங்கியது. மீதிப் பணத்தில் ஒரு ராண்ட் கூடத் திரும்பவில்லை. பத்துப் பத்து மணி நேரத்துக்கு மட்டும் கட்டி, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், தென்னாப்பிரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் மகனை அனுப்பி, முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், செவி, இதயம் எல்லாவற்றையும் அங்கே சோதிப்பார்கள். வணிக விமானியாக முடியாது என்று தெரியவருமானால், அது பணம் செலவாவதற்கு முன்பே தெரிந்துவிடுவது நல்லது.

கேள்வி (மெரிபேங்க்): கண்ணாடி போட்டிருக்கிறேன். விமானி ஆகலாமா?

பதில்: ஆகலாம். கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்கு இருந்தால் போதும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அண்ணா, தனி விமானி உரிமம் (சம்பளம் வாங்காமல் பறப்பதற்கானது) முடிந்துவிட்டது. வணிக உரிமத்துக்கு மீதி மணி நேரத்தை நம் டர்பனின் வர்ஜீனியா விமானத் தளத்திலேயே பறந்து சேர்க்கலாமா, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போக வேண்டுமா?

பதில்: தம்பி, பலரும் கேட்க மறந்துவிடுகிற கேள்வி இது. தனி உரிமத்துக்கு 45 மணி நேரம், ஒவ்வோர் உரிமமாகப் படிப்படியாகச் செல்பவருக்கு வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் என்பது நம் நாட்டு விதி. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தை எப்படிப் பறந்தாய் என்பதில்தான் நீ எப்படிப்பட்ட விமானி என்பது தீர்மானமாகிறது. வர்ஜீனியாவில் ஏறி, கடற்கரையோரமாக பாலிட்டோ வரை போய்த் திரும்பிவருவதையே நூறு முறை செய்தால், பதிவேட்டில் நூறு வரிகள் இருக்கும். கற்றது ஒரு வரிதான்.

வர்ஜீனியா கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கின் ராண்ட் விமானத் தளம் ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஜனவரி மாத மதியத்தில் வெப்பம் 30 பாகையைத் தொட்டால், மெலிந்துபோன அந்தக் காற்றில் விமானம் எட்டாயிரம் அடிக்கும் மேலே நிற்பது போலத்தான் நடந்துகொள்ளும். டர்பனில் பழகிய மாணவர் ஒருவரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழை, நம் ஊரில் செய்வது போலவே முழுவதும் உள்ளே தள்ளிவைத்துக்கொண்டு ஓடுபாதையில் நுழையப் பார்த்தார். விமானத்தை நிறுத்தச் சொல்லி, இயந்திரத்தைத் தேவையான வேகத்தில் ஓடவிட்டு, குமிழை மெல்ல வெளியே இழுத்து, மெலிந்த காற்றுக்கு ஏற்ப எரிபொருளைக் குறைக்கச் சொன்னேன். திணறிக்கொண்டிருந்த செஸ்னா 172, இயந்திரச் சுழற்சியைக் காட்டும் சுற்றுமானியின் முள் ஏறிய அந்தக் கணத்தில் சீராக மூச்சுவிட்டது. பாதி நாடு மேட்டுநிலமாக இருக்கையில், இதைக் கையால் உணராமல் 200 மணி நேரத்தை முடிப்பது குறைதான். ஆகவே வர்ஜீனியாவில் தொடங்கு; ஆனால் 30 மணி நேரத்தையாவது மேட்டுநிலத்திலும், அறியாத ஊர்களுக்கான நீண்ட பயணங்களிலும் செலவிடு.

கேள்வி (டோங்காட்): அமெரிக்காவில் துணை விமானிக்கே 1,500 மணி நேரம் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் 200 மணி நேரத்தோடு வருபவரையும் எடுத்துக்கொள்கிறார்கள். மணி நேரத்தை விடத் தரம்தான் முக்கியம் என்று நீங்கள் சொல்வது அமெரிக்க விதிக்கு முரண் இல்லையா?

பதில்: அந்த விதி பிறந்த கதையைப் பாருங்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் நிறுவனத்தின் பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. ஆனால் அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுக்கும் 1,500 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது. வேகம் குறைந்து விமானம் நிலைகுலையப் போகிறது என்று எச்சரிக்கை வந்தபோது, தலைமை விமானி மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாக உயர்த்தினார். இது பயிற்சி பற்றியது, எண்ணிக்கை பற்றியதன்று.

கேள்வி (அதே டோங்காட் அன்பர்): அப்படியானால் மணி நேரமே வேண்டாமா?

பதில்: வேண்டும், ஐயா. தலைமை விமானி ஆவதற்கான உரிமத்துக்கு இங்கேயும் 1,500 மணி நேரம் கேட்கிறார்கள். அது நியாயம் என்றே கருதுகிறேன். மழைமேகத்தைப் பார்த்துத் திரும்பிவிட முடிவெடுக்கும் பக்குவம் வகுப்பறையில் வருவதில்லை. எண்ணிக்கை மட்டும் போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கேள்வி (வெருலம்): மொத்தமாகக் கட்டினால் இலவசத் தங்குமிடம் தருகிறார்களாம், கட்டலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி இன்று நான்காவது முறையாக வருகிறது. கட்டாதீர்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 200 மணி நேரம் முடிந்துவிட்டது, வேலை இல்லை. பயிற்றுநர் ஆவதா, போட்ஸ்வானாவின் மவுன் நகருக்குப் போய்ச் சுற்றுலா விமானம் ஓட்டுவதா?

பதில்: மவுனை அடுத்த ஒகவாங்கோ சதுப்புநிலத்தின் மணல் ஓடுபாதைகளில் இறங்குமுன் தாழப் பறந்து யானையையோ இம்பாலா மானையோ விரட்டிப் பழகியவருக்குக் கை நிதானம் வரும். ஆனால் மவுனுக்குப் போய்க் கதவு கதவாகத் தட்டி, மாதக்கணக்கில் காத்திருக்கச் சேமிப்பு வேண்டும்; அந்நாட்டு வேலை அனுமதியும் வேண்டும். சேமிப்பு இல்லையென்றால் மூன்றாம் நிலைப் பயிற்றுநராக, அதாவது தொடக்க நிலைப் பயிற்றுநராக, சேருங்கள். மற்றவர் செய்யும் தவறை அவர் செய்வதற்கு முன்பே கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வீர்கள். எந்தப் பக்கம் போனாலும் பறக்காத நேரத்தைப் பதிவேட்டில் எழுதாதீர்கள். விமானத்தின் சொந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், அன்றே உங்கள் உரிமம் ஆபத்துக்குள்ளாகும்.