கபடித் திடலில் ஒரு மண்டபம்

அன்புள்ள ஐயா,

போன மார்கழியில் அப்பா தவறிவிட்டார். கூட்டுறவு வங்கியில் எழுத்தர். ஆனால் மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அவரைக் கபடிக்காரர் என்றால்தான் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல், சாயங்காலம் ஆனால் திடல்தான். பையன்களுக்குப் பனியன் எடுப்பது, டோர்னமெண்டுக்கு வேன் பிடிப்பது, அடிபட்டால் தஞ்சாவூர் மெடிக்கலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாமே அவர். சம்பளத்தில் பாதி அதில்தான் போனது. இரண்டு பேர் மாநில அளவில் ஆடினார்கள். இந்தியாவுக்கு ஒருவரும் ஆடவில்லை.

சென்னை கண்ணகி நகர் கார்த்திகா கபடியில் ஜெயித்த செய்தியைப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். “நம்மளால முடியாமப் போச்சே” என்றார். அது என்னை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அம்மாவோ, “ஊர்ப் புள்ளைய வளத்தாரு, சொந்தப் புள்ள எந்தக் கிளாஸ் படிக்குதுன்னு தெரியாது” என்கிறார். அவர் வாழ்க்கை வீணா? பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து திடலின் மூலையில் பத்தடிக்குப் பத்தடியில் நினைவு மண்டபம் கட்டப்போகிறோம். கல்வெட்டில் பொறிக்க நான்கு வரி எழுதித் தர முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரம், வேறொரு ஊரின் திடல் விஷயமாக நண்பர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீணா என்று கேட்காதீர்கள். செத்துப்போன மனிதருக்கு மார்க் போட நானும் வாத்தியார் இல்லை, நீங்களும் இல்லை. அம்மா சொல்வதை மட்டும் மறுத்துப் பேசாதீர்கள். அந்தப் பாதிச் சம்பளத்தில் வீட்டை ஓட்டியவர் அவர். டோர்னமெண்டுக்கு வந்த வெளியூர்ப் பையன்களுக்கு உங்கள் வீட்டில்தானே உலை ஏறியிருக்கும்? கோபப்பட அவருக்கு முழு உரிமை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

‘இந்தியாவுக்கு ஒருவரும் ஆடவில்லை’ என்ற வரிக்கு மட்டும் உங்களைத் திட்டியாக வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று அடித்தது. அதில்தான் கார்த்திகா. ஆண்கள் அணியும் அதே ஈரானைத்தான் வென்றது. அதில் ஆடிய அபினேஷ் வடுவூர்க்காரர். தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற ஊர், உங்களுக்குத் தெரியாததா? வடுவூரில் கபடி வளர்ந்ததென்றால், சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் டீம் கட்டிக்கொண்டு போய் மோதியதால்தான் வளர்ந்தது. முப்பது டீம் வருகிற டோர்னமெண்டில் இருபத்தொன்பது தோற்றுத்தான் திரும்பும். அந்த இருபத்தொன்பதையும் வேன் பிடித்துக் கூட்டிவந்தவர்களில் உங்கள் அப்பாவும் ஒருவர். கண்ணகி நகரும் அப்படித்தான். 2000 வாக்கில் தொடங்கி, சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து ஜனங்களைப் பெயர்த்து துரைப்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கிய குடியிருப்பு அது. அங்கேயும் கிடைத்த இடத்தில் பிள்ளைகளைச் சேர்த்துவைத்து ஆடவிட ஒருவர் தினம் வந்து நிற்கவேண்டியிருந்தது.

இடம். இதைத்தான் சொல்ல வந்தேன்.

என் சின்ன வயதில் எங்கள் ஊரிலும் ஒரு கபடிக்காரர் இருந்தார். லைன்மேன் வேலை. எனக்கு ஆட்டம் வராது, பாடிப் போனால் கோட்டைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். அதனால் ஸ்கோர் நோட்டு என் கையில். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: திடலில் இறங்குகிறவன் ஒரு கைப்பிடி கல்லோ கண்ணாடிச் சில்லோ பொறுக்கி வாளியில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். முந்தின ராத்திரி யாராவது பாட்டில் உடைத்திருப்பார்கள், வாளிக்குப் பஞ்சமே வராது. கோடையில் தரை பாறையாக இறுகிவிட்டால் மண்வெட்டியால் கொத்தி, ஆற்று மணல் கலந்து, குடம் குடமாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். ஆட வந்தவனுக்கு முதல் அரை மணி நேரம் மண் வேலைதான்.

அறுவடைக் காலத்தில் ஊருக்கே களம் வேண்டும். திடலில் நெல்லைக் கொட்டிக் காயப்போடுவார்கள். அவர் சண்டைக்கே போக மாட்டார். நாலு மணிக்கு எங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் நெல்லை ஓரமாகக் குவித்துக் கொடுத்து, பதரைக் கூட்டி, கோடு போட்டுவிடுவார். வைக்கோல் போர் போட வந்தால் மட்டும் விட மாட்டார். நெல்லு நாலு நாளில் போய்விடும், போர் போகாது என்பார்.

ஒரு தடவை சர்வேயர் சங்கிலியோடு வந்தார். ஏதோ கட்டடத்துக்கு இடம் பார்க்க. “யாரும் ஆட்டத்தை நிறுத்தாதீங்கடா” என்று விசில் ஊதிவிட்டு அவருக்கு நாற்காலி போட்டார். நடுக்கோட்டுக்கு மேலே எப்படிச் சங்கிலி பிடிப்பது? சர்வேயர் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்து, இருட்டும்வரை ஆட்டம் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போனார். அந்தக் கட்டடம் வேறெங்கோ எழும்பியது. மழை நாளிலும் ஆள் வராத நாளிலும் அவர் ஐந்து மணிக்குத் திடலில் நின்றதன் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தை யாரும் காலி இடம் என்று எழுத முடியாது.

ஓய்வு பெற்று மகன் ஊருக்குப் போனார். முதலில் தண்ணீர்த் தொட்டி வந்தது. பிறகு ஒரு கட்டடம், அதற்கு ஒரு காம்பவுண்டு. எல்லாம் ஊருக்குத் தேவையானவைதான், குறை சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் இடத்தில் ஏழு பேர் நின்றால் எட்டாவது ஆள் பாடி வர வழியில்லை.

இது ஏன் எல்லா ஊரிலும் நடக்கிறது? கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு இருக்கும். அதில் உங்கள் ஊர் நிலம் ஒவ்வொன்றும் ஒரு பெயரில் கிடக்கிறது: மேய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்கு, நத்தம், தரிசு. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஆடிய மண்ணும் பெரும்பாலும் இதில் ஏதாவது ஒன்றின் பெயரில்தான் இருக்கும். ரேஷன் கடைக்கும் அலுவலகத்துக்கும் இடம் தேடுகிறவர் பதிவேட்டைத்தான் பார்ப்பார், பையன்களைப் பார்க்க மாட்டார். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று. நல்ல தீர்ப்பு. ஆனால் பொது நிலம் என்பதற்கு முதலில் தாளில் சாட்சி வேண்டுமே. 2024-ல் 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். வரவேற்கிறேன். பந்து வந்துவிட்டது, உருட்ட இடம்? இதைக் கேட்டால் நண்பர்கள் என்னை எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்பாவின் பெட்டியில் நோட்டுகள் இருக்கும், தேடிப் பாருங்கள். எந்த வருஷம் எந்த டீம் வந்தது, பந்தலுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு யார் கொடுத்தது என்று எழுதியிருப்பார். எழுத்தர் கையெழுத்தல்லவா, சுத்தமாக இருக்கும். பழைய நோட்டீஸ்களையும் கோப்பையோடு எடுத்த போட்டோக்களையும் சேருங்கள். அந்த இடத்தில் இத்தனை காலமாக ஆட்டம் நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருகிறதோ அன்றைக்குப் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் போய் உட்காருங்கள். அந்தப் புல எண்ணை, அதாவது சர்வே நம்பரை, விளையாட்டுத் திடல் என்று பதிய வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலை வாங்கிக்கொண்டு தாசில்தாரிடம் மனு கொடுத்து, கையோடு ஒப்புகை வாங்குங்கள். அதன் பிறகும் நடையாய் நடக்கவேண்டியிருக்கும். முப்பது வருஷம் வேன் பிடித்தவரின் பிள்ளைக்கு அது பழகிவிடும்.

மண்டபம் வேண்டாம். பத்துக்குப் பத்து என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த மூலையில்? கபடிக் கோர்ட் 13 மீட்டருக்கு 10 மீட்டர், சுற்றிலும் விழுந்து எழும்ப இடம் விட்டாக வேண்டும். உங்கள் திடலில் அதற்குமேல் இடம் இருப்பதாகத் தெரியவில்லை. நாளைக்கு நிழற்குடை கட்ட வருகிறவன் உங்கள் மண்டபத்தைக் காட்டித்தான் அடுத்த மூலையைக் கேட்பான். கல்வெட்டுக்கு வரி எழுதித் தர மாட்டேன். மனு எழுதத் தெரியவில்லையென்றால் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். புல எண் மட்டும் அனுப்புங்கள்.