புதினா, ரோஸ்மேரி எல்லாம் வீட்டில் நிறைய விளைகிறது. காய வைத்தால் வாசனையே போய்விடுகிறது. எண்ணெயில் போட்டு வைத்தால் கெடாமல் இருக்குமா?

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சுலபம். இரண்டாம் பாதியால் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்து முடிந்திருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. தொட்டியில் வைத்தது மண்டிவிட்டது, வெட்டினால் ஒரு கூடை தேறும், சமையலுக்குத் தேவை ஒரு கைப்பிடி, மிச்சத்தைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. நல்ல வெயிலாகப் பார்த்துப் பரப்பியிருப்பீர்கள். முறுமுறுவென்று காய்ந்து, நிறம் வெளுத்து, முகர்ந்தால் வைக்கோல் வாடை. அப்படித்தானே? இலைக்கு வாசனை தருவது அதிலுள்ள ஆவியாகிப் போகிற எண்ணெய். நேர் வெயில் தண்ணீரோடு சேர்த்து அதையும் கொண்டுபோய்விடும்.

ஆகவே நிழலும் காற்றோட்டமும்தான் வேண்டும். வெட்டும் நேரத்திலிருந்தே கவனம் தேவை. காலையில் பனி ஈரம் உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டுங்கள். செடி பூக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் பெரும்பாலான மூலிகைகளின் இலையில் எண்ணெய் அதிகமாக இருக்கும். மொட்டைப் பார்த்ததும் கத்தரியை எடுத்துவிடுவேன்.

அப்புறம், எல்லா இலையையும் ஒரே மாதிரி காய வைக்க முடியாது. ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ மாதிரி ஈரப்பசை குறைந்தவற்றைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டாலே போதும். புதினா, துளசி, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றில் தண்ணீர் அதிகம். அவற்றைக் கட்டாகத் தொங்கவிட்டால் வெளியே காய்ந்து நடுவில் பூஞ்சை பிடிக்கும். இலையைக் கிள்ளி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் வலைத் தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்று படுகிற இடத்தில் வையுங்கள். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் 35 முதல் 46 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கலாம். ஓவனில் வைக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பல ஓவன்களில் மிகக் குறைந்த சூடே இதைவிட அதிகம்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் பொடிந்து உதிர வேண்டும். காம்பை வளைத்தால் வளையாமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும். பாட்டிலில் போட்ட பிறகும் முதல் ஒரு வாரம் மூடியின் உட்பக்கத்தைத் தினமும் பாருங்கள். லேசாக ஆவி பூத்திருந்தால்கூட உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்; பூஞ்சை வருவதற்கு முன் வெளியே கொட்டி மறுபடி உலர்த்துங்கள். இலையை முழுசாகவே போட்டு வையுங்கள், சமைக்கும்போது கசக்கிக்கொள்ளலாம். அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி கைக்கு வசதிதான், ஆனால் சூடும் ஆவியும் பட்டே பாதி வாசனை போய்விடும்.

கொத்தமல்லியைக் காய வைக்கவே வைக்காதீர்கள், பச்சைச் சருகுதான் மிஞ்சும். பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டின் குழிகளில் கொஞ்சம் தண்ணீரோடு நிரப்பி, ஃப்ரீசரில் உறைய வைத்துவிடுங்கள். திருநீற்றுப்பச்சிலையை உறைய வைப்பதாக இருந்தால், கொதிக்கிற தண்ணீரில் சில விநாடி முக்கி உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டெடுங்கள். அப்படிச் செய்தால் கறுக்காது.

சரி, இனி எண்ணெய் விஷயம்.

என் நாத்தனார் கைவேலையில் கெட்டிக்காரி. ஒரு விசேஷத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கையோடு ஒரு கண்ணாடி பாட்டில் கொடுத்தாள். உள்ளே எண்ணெய், அதில் தோட்டத்தில் அன்றைக்குப் பறித்த ரோஸ்மேரிக் கொத்து நிமிர்ந்து நிற்கிறது, அடியில் உரித்த பூண்டுப் பற்கள். கழுத்தில் சணல் கயிறு, அதில் 'ஆறு மாதம் வைத்திருக்கலாம்' என்று அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு. பார்க்க அத்தனை லட்சணம். எல்லோரும் அதைச் சமையலறை ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிட்டேன்.

அடுத்த முறை வந்தபோது காலி பாட்டில் அவள் கண்ணில் பட்டது. "என்ன அண்ணி, அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?" என்றாள் சந்தோஷமாக. எனக்குப் பொய் சொல்ல வராது. "கொட்டிட்டேன்மா. பச்சை இலையும் பூண்டும் எண்ணெய்ல வெளியே இருந்தா விஷமாகலாம்" என்றேன். அவ்வளவுதான். "நான் விஷம் கொடுத்தேன்னு சொல்றீங்களா?" என்று ஆரம்பித்து, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உள்ள கணக்கெல்லாம் வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்து அதற்குள் எதையோ ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன விதம் சரியில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். சொன்ன விஷயம் சரி. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் மண்ணில் சாதாரணமாக இருப்பவை. மண்ணில் விளைந்த பூண்டிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு வரும், கழுவினாலும் முழுசாகப் போகாது. காற்று படுகிற வரை அவற்றால் பெருக முடியாது. எண்ணெய்க்குள் போட்டால் காற்று அடைபட்டுவிடுகிறது, இலையிலேயே தண்ணீர் இருக்கிறது, புளிப்பு கிடையாது, அறையின் வெப்பமும் தோது. அப்போது அது நரம்பு மண்டலத்தைத் தாக்குகிற நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சுக்கு வாடையும் இல்லை, சுவையும் இல்லை. அதனால் 'முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது' என்பதெல்லாம் இங்கே செல்லாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இதே நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். காரணம், குளிரில் வைக்காமல் வெளியே வைத்திருந்த, எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு. அது கடைக்கென்று பாட்டிலில் அடைத்து விற்ற சரக்கு.

உடனே ஒருவர் வருவார்: "ஊறுகாய் வருஷக்கணக்கில் எண்ணெயில்தானே கிடக்கிறது, யார் செத்தார்கள்?" என் நாத்தனாரும் இதையேதான் கேட்டாள். ஊறுகாயில் உப்பும் புளிப்பும் இருக்கின்றன, ஐயா. புளிப்பு போதுமான அளவு இருந்தால், அதாவது புளிப்பை அளக்கிற பிஎச் எண் 4.6-க்குக் கீழே இருந்தால் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்), இந்தக் கிருமி வளராது. ரோஸ்மேரி எண்ணெயில் அந்தக் காவல் எதுவுமில்லை. "நாங்கள் காலம் காலமாகச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களோடு எனக்குச் சண்டை வேண்டாம். இது அரிதாக வருவதுதான், எல்லா பாட்டிலிலும் வராது. வந்தால் மூச்சுக் கருவியில் படுக்க வேண்டியிருக்கும், அதற்காகச் சொல்கிறேன்.

எண்ணெயில் வேண்டுமென்றே ஆசைப்பட்டால் கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வதும் அதே 4 நாள்தான். அதிக நாள் வேண்டுமென்றால் இலையை எண்ணெயோடு அரைத்து ஐஸ் தட்டில் உறைய வையுங்கள். பரிசாகக் கொடுக்கிற அழகுதான் முக்கியமென்றால் வினிகரில் போடுங்கள். அதுவும் அதே பாட்டிலில் அதே லட்சணமாக நிற்கும், புளிப்பு இருப்பதால் இந்தப் பயமும் இல்லை.

பரிசு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சும்மா வளருகிற செடிதானே என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களைப் பற்றி. பறித்து, அலசி, ஈரம் ஒற்றி, பரப்பி, திருப்பி, பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் ஒரு கூடைக்கு ஒரு சின்ன பாட்டில்தான் வரும். "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். பாட்டில் திரும்பி வரவே வராது. 'நானே பறித்துக்கொள்கிறேன்' என்று தோட்டத்தில் இறங்குகிறவர்கள் அதைவிட மோசம். கொத்தைப் பிடித்து இழுக்கிற இழுப்பில் தைம் செடி வேரோடு கையில் வந்துவிடும். கத்தரி பக்கத்திலேயே ஆணியில் தொங்கும், கண்ணில் படாது. என் நாத்தனார் அந்தச் சண்டையோடு அவள் பாட்டிலையும் கேட்டு வாங்கிப் போனாள். அந்த ஒழுங்கு மற்றவர்களுக்கும் இருந்தால் என் அலமாரி நிறைந்திருக்கும்.

சமைக்கும்போது அளவில் கவனமாக இருங்கள். பச்சை இலை 3 கரண்டி போடுகிற இடத்தில் காய்ந்தது 1 கரண்டி போதும், தண்ணீர் போய் அடர்ந்திருக்கிறது. காய்ந்ததைக் கொதிக்கும்போதே சேர்க்க வேண்டும், ஊறினால்தான் மணம் இறங்கும். பச்சை இலையையும் உறைய வைத்த கட்டியையும் அடுப்பை அணைக்கிற நேரத்தில் போடுங்கள். காய்ந்த ரோஸ்மேரி மட்டும் எவ்வளவு கசக்கினாலும் வாயில் குத்தும். அதைத் துணியில் முடிந்து போட்டுக் கடைசியில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கொள்ளுங்கள்.