கைவேலை கேள்வி – பதில்: சோயாவா, பாராபினா?

கேள்வி: அக்கா, கண்ணாடி ஜாரில் வாசனை மெழுகுவத்தி செய்து தெரிந்தவர்களுக்கு விற்கலாம் என்றிருக்கிறேன். தீபாவளிக்குள் தொடங்க ஆசை. பாராபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதன் புகை விஷம், சோயா மெழுகுதான் இயற்கையானது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். சோயாவின் விலையைக் கேட்டால் தயக்கமாக இருக்கிறது. மாமியாருக்கு ஆஸ்துமா வேறு. எதை வாங்கட்டும்?
– வாசகி, விருதுநகர்

பதில்: ஜாரில்தான் ஊற்றப்போகிறீர்கள் என்றால் சோயாவே வாங்குங்கள். அதற்குக் காரணம் வேறு. அந்த வீடியோ சொல்லும் புகைக் கதையை முதலில் பார்த்துவிடுவோம்.

பாராபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது உண்மை. கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய் எடுக்கும்போது பிரிகிற மெழுகில் மிச்ச எண்ணெயை நீக்கி வெளுத்து எடுக்கிறார்கள். நம் சென்னை மணலி ஆலையிலும் இது தயாராகிறது. அதே சமயம் சோயா மெழுகும் செடியிலிருந்து நேராக வந்துவிடுவதில்லை. சோயா எண்ணெயில் நிக்கல் வினையூக்கியின் உதவியோடு ஹைட்ரஜனை ஏற்றித்தான் கெட்டியாக்குகிறார்கள். வனஸ்பதி தயாரிப்பதும் இப்படித்தான். இரண்டுமே ஆலையில் உருவானவை.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். எந்த மெழுகுவத்தியையாவது ஏற்றி, மஞ்சள் சுடருக்குள் ஒரு எவர்சில்வர் கரண்டியின் அடிப்பக்கத்தை ஒரு நொடி காட்டி எடுங்கள். கரி படிந்திருக்கும். பாராபின், சோயா, தேன்மெழுகு எதுவானாலும் படியும். சுடருக்குள் கரித்துகள்கள் தகதகவென்று சுடுவதால்தான் நமக்கு மஞ்சள் வெளிச்சமே கிடைக்கிறது. லண்டனில் 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களை உட்காரவைத்து விளக்கிக் காட்டியவற்றில் இதுவும் ஒன்று. சுடர் ஆடாமல் நின்று எரிந்தால் அந்தக் கரி உச்சிக்குப் போவதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். திரி நீளமாக இருந்தாலோ, ஃபேன் காற்று பட்டுச் சுடர் துடித்தாலோ எரியாமல் வெளியே வரும். ஜாரின் வாய்விளிம்பில் கறுப்பு வளையம் விழுவது அதனால்தான்.

ஆகவே புகைக்கு முதலில் திரியைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியைக் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்க வேண்டும். எரிந்து முடிந்த திரியின் நுனியில் காளான் குடை மாதிரி ஒரு கரிக்கொண்டை நிற்கிறதா, அந்த ஜாருக்கு அந்தத் திரி தடிமன் அதிகம், அல்லது வாசனை எண்ணெய் கூடிவிட்டது. சோயா உருகினாலும் சற்றுப் பிசுக்கானது, திரியில் ஏறத் தயங்கும். அதனால் அதே ஜாருக்குப் பாராபினுக்குப் போடுவதைவிட ஒரு சுற்று தடித்த திரி தேவைப்படும். மெழுகுக்குச் செலவழிக்கிற யோசனையில் பாதியைத் திரிக்குச் செலவழியுங்கள். மூன்று நான்கு தடிமன்களில் வாங்கி, ஒரே அளவு ஜார்களில் ஊற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து எரித்துப் பாருங்கள்.

மாமியார் விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்துமா இருப்பவர்களை மெழுகைவிட வாசனையே அதிகம் தொந்தரவு செய்யக்கூடும். செயற்கை வாசனையானாலும் சரி, மல்லிகை எண்ணெய் ஆனாலும் சரி. அவர் இருக்கும் அறையில் எதையும் ஏற்ற வேண்டாம். நீங்கள் எரித்துப் பார்ப்பதையும் வாசனை கலப்பதையும் மொட்டைமாடியிலோ ஜன்னல் திறந்த அறையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பிறகு ஏன் சோயா? ஜாருக்கான சோயா மெழுகு ஏறக்குறைய 46 முதல் 52 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். மெழுகுவத்திக்கு விற்கிற பாராபின் பெரும்பாலும் 58, 60 டிகிரி வரை தாங்கும். இளகிய சோயா கண்ணாடியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஓரத்தில் இடைவெளி விழுவது குறைவு. மெதுவாக எரியும். ஜார் காலியானதும் வெந்நீரும் சோப்பும் போதும், வாடிக்கையாளர் கழுவி ஏலக்காய் போட்டு வைக்கலாம். ஆனால் உங்கள் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஜார் இல்லாமல் தூண் மாதிரி தனியே நிற்கிற மெழுகுவத்தியை அந்த சோயாவில் செய்து பார்சல் வண்டியில் அனுப்பினால் குனிந்த தலையோடு போய்ச் சேரும். தூணுக்கும், கரன்ட் போனால் ஏற்றும் சாதாரண வத்திக்கும் பாராபினே சரி. அதில் பத்தில் ஒரு பங்கு ஸ்டியரிக் ஆசிட் சேர்த்தால் இன்னும் கெட்டிப்படும், அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரும்.

தீபாவளி என்கிறீர்கள், நாளைக் கணக்குப் போடுங்கள். சோயாவில் வாசனை பிடிக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். ஊற்றிய மறுநாளே மோந்து பார்த்து வாசனை போதவில்லை என்று எண்ணெயைக் கூட்டிவிடாதீர்கள். அரை கிலோ மெழுகுக்கு 30 முதல் 40 கிராம் போதும். மேலே வெள்ளைப் பூப்பூத்த மாதிரி திட்டுகள் வந்தால் கெட்டுப்போகவில்லை, சோயாவின் குணம் அது. அடர் நிறச் சாயம் போட்டால் பளிச்சென்று தெரியும். சாயமில்லாமல் விட்டுவிடுங்கள், பால்நிறமே அழகு.

பணம் இடித்தால் பாராபினையும் சோயாவையும் கலந்து ஊற்றலாம், நன்றாகவே எரியும். ஆனால் லேபிளில் ‘கலவை’ என்று எழுதுங்கள். கால் பங்கு சோயாவைப் போட்டுவிட்டு ‘சோயா மெழுகுவத்தி’ என்று விற்கிறார்கள், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வாங்குபவர் அந்தச் சொல்லுக்குத்தான் கூடுதல் காசு தருகிறார்.

கேள்வி: மலைத்தேன் விற்பவரிடம் தேன்மெழுகும் கட்டியாகக் கிடைக்கிறது. அசலா, பாராபின் கலந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: கட்டியை உடைத்துப் பாருங்கள். அசலென்றால் உடைந்த முகம் பளபளப்பில்லாமல் பொடிமணல் போட்டது போல இருக்கும். நகத்தால் ஒரு சுருள் சுரண்டி விரல்களுக்கிடையே வைத்து உருட்டுங்கள். உடல் சூட்டிலேயே இளகி மாவு போல் பிசைய வரும். பாராபின் அதிகமென்றால் உதிரும், வழுக்கும். சூடு காட்டினால் தேன் வாசனை எழ வேண்டும். பழைய கட்டியின் மேல் சாம்பல் பூத்தது போல இருந்தால் பயப்படாதீர்கள், துணியால் துடைத்தால் போய்விடும். இதெல்லாம் கைப்பழக்கச் சோதனைகள், கொஞ்சமாகக் கலந்திருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் நம் வெயிலைத் தாங்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையை வார்ப்பதற்கு முன் மெழுகில் கரு, அதாவது மாதிரி உருவம், பிடிக்க இதில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துப் பதம் பார்ப்பார்கள். மெழுகுவத்திக்கு அது வேண்டாம், தனித்தே எரியட்டும். வாசனையும் சேர்க்காதீர்கள், அதற்கே ஒன்று இருக்கிறது. விலை பாராபினைப் போலப் பல மடங்கு என்பதால் சின்ன வத்திகளாகச் செய்யுங்கள்.

கேள்வி: மெழுகு உருக்கும்போது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூடவே கூடாது. தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரிகிற மெழுகை நாலாபக்கமும் தூக்கி வீசும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை நகர்த்தாமல், இரும்புத் தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். மெழுகை நேரடியாகத் தீயில் வைக்காமல் கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கினால் அந்த நிலைமை வருவது அரிது. எந்த மெழுகுக்கும் இதே முறைதான்.