செயற்கைக்கோள் படத்தில் தலைக்கு மேலே மேகம் தெரிந்தும் மழை வரவில்லையே, ஏன்? முன்கணிப்பு மாடல்களில் எதை நம்புவது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. படத்தில் பெரிய மேகத் திரள் தெரிந்தும் ஏன் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்பது ஒன்று. ஒரு மாடல் நாளை மறுநாள் கனமழை என்கிறது, இன்னொன்று மழையே இல்லை என்கிறது, யாரை நம்புவது என்பது மற்றொன்று. எனக்கு வானிலையில் பட்டமோ அந்தத் துறையில் வேலையோ கிடையாது. ஆனால் பல வருடங்களாகக் காலையில் எழுந்ததும் இரவு படுக்கும் முன்பும் இந்தப் படங்களைப் பார்த்து, நோட்டில் எழுதி வைத்து, மறுநாள் சரிபார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்கும் உங்களைப் போலவே நடந்தது. ஓர் இரவு, அகச்சிவப்புப் படத்தில் ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு பெரிய திட்டு எங்கள் ஊர்ப் பக்கம் நகர்ந்து வந்தது. ஒரு மணி நேரத்தில் மழை கொட்டும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். ஆரஞ்சு நிறம் எங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் நிலா தெரிகிறது, அதைச் சுற்றி ஒரு பெரிய வளையம். மழை வரவில்லை.

அந்த வளையம்தான் விடை என்பது பிறகுதான் புரிந்தது. நிலாவைச் சுற்றி அப்படி வளையம் கட்டுவது பனிப்படிகங்களால் ஆன உயரமான, மெல்லிய மேகம். அகச்சிவப்புக் கேமரா மழையைப் பார்ப்பதில்லை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. உயரே போகப் போகக் குளிர் கூடும். உச்சி மைனஸ் 70 டிகிரி என்றால் வெப்பமண்டலத்தில் அது ஏறக்குறைய 14, 15 கி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குளிருக்குச் சிவப்பு, இந்தக் குளிருக்கு ஆரஞ்சு என்று நிறம் தருவது படத்தைத் தயாரிக்கும் தளம். ஒரு தளத்தில் சிவப்பாக இருப்பது இன்னொன்றில் வெள்ளையாக இருக்கும். அதனால் நிறத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், ஓரத்தில் இருக்கும் வெப்பநிலை அளவுகோலைப் பாருங்கள்.

இடிமேகம் ஒரு கோபுரம் மாதிரி எழும்பி, ஓர் உயரத்துக்கு மேல் போக முடியாமல், கூரையில் முட்டிய புகைபோல நாலா பக்கமும் பரவும். கனமழை பெய்வது கோபுரத்தின் அடியில், சில கிலோமீட்டர் அகலத்தில். மேலே பரவிய பகுதி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும். கோபுரம் சரிந்து மழை நின்ற பிறகும் அந்தப் பரவல் பல மணி நேரம் மிதந்துகொண்டே இருக்கும். படத்தில் நாம் பார்த்துப் பயப்படுவது பெரும்பாலும் இதைத்தான். எதிர்மாறாகவும் நடக்கும். மலைச்சரிவில் மோதி எழும் தாழ்வான மேகங்கள் மணிக்கணக்கில் மழையைக் கொட்டும், ஆனால் அவற்றின் உச்சி அவ்வளவு குளிராக இல்லாததால் அகச்சிவப்புப் படத்தில் மங்கலான சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

அப்படியானால் உயிரோடு இருக்கும் மேகத்தையும் முடிந்துபோன மேகத்தையும் எப்படிப் பிரிப்பது? ஒற்றைப் படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. கடைசி மூன்று, நான்கு மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். உச்சி இன்னும் குளிர்ந்துகொண்டே போகிறதா, புதுப் புள்ளிகள் முளைக்கின்றனவா, ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். வளரும் மேகத்துக்குக் காற்று வரும் பக்கத்து ஓரம் கூர்மையாக இருக்கும். எல்லா ஓரமும் பஞ்சு பிரிந்தது போல நார்நாராகி, நிறமும் வெளுத்துக்கொண்டே வந்தால் அது முடிந்த கதை. அன்று இரவு நான் ஓடவிட்டுப் பார்த்திருந்தால், உள்ளே இருந்த கருஞ்சிவப்பு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மறைந்துவிட்டது தெரிந்திருக்கும்.

பகலாக இருந்தால் கண்ணுறு ஒளிப் படத்துக்கு மாறிவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சூரிய வெளிச்சத்தில் எடுத்த படம் என்பதால் மேகத்தின் மேற்பரப்பே தெரியும். உயிருள்ள கோபுரம் காலிஃபிளவர் போலக் கொத்துக்கொத்தாக இருக்கும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது உயரமான மேகத்தின் நிழல் பக்கத்துத் தாழ்வான மேகத்தின் மேல் விழுவதுகூடத் தெரியும். இரவில் இந்தப் படம் கிடையாது. சில தளங்களில் இரவிலும் நகர விளக்குகளோடு அழகான வண்ணப் படம் வரும். அந்த விளக்குகள் முன்பே எடுத்து வைத்த பின்னணி, மேகம் அகச்சிவப்பிலிருந்து வருவது. விளக்கு தெரிகிறது, அதனால் வானம் தெளிவாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நீராவிப் படம் என்று ஒன்று இருக்கும். அது காட்டுவது வளிமண்டலத்தின் நடு, மேல் அடுக்குகளின் ஈரத்தை மட்டும். நாம் வியர்த்துக் கொட்டும் தரையோர ஈரம் அதில் தெரியாது. ஆனால் வறண்ட காற்று ஒரு நாக்கு போல நீண்டு வந்து, தாழ்வுப் பகுதியைச் சுற்றிச் சுழலும் காற்றுக்குள், அதாவது சுழற்சிக்குள் நுழைவதைப் பார்க்க இதைவிட நல்ல படம் இல்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். படத்தில் போட்டிருக்கும் நேரத்தை முதலில் பாருங்கள். அது பெரும்பாலும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம், உங்கள் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஜப்பானின் ஹிமாவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப் படம் எடுக்கிறது, சில செயற்கைக்கோள்கள் அரை மணிக்கு ஒன்றுதான் தரும். இடிமேகத்துக்கு அரை மணி என்பது பெரிய காலம். இரண்டாவது, புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நின்று பார்க்கின்றன. அதற்கு நேர் கீழே இல்லாத இடங்களை அது சாய்வாகத்தான் பார்க்கும். அதனால் உயரமான மேகம் வரைபடத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி விழலாம். ஊரைக் கிட்டே இழுத்துப் பெரிதாக்கி, மேகம் இந்தத் தெருவுக்கு மேல் இருக்கிறது என்று பார்ப்பதில் பயனில்லை.

சரி, மாடல்களுக்கு வருவோம்.

மாடல் என்பது வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, அழுத்தம், வெப்பம், ஈரம் அடுத்து எப்படி மாறும் என்று இயற்பியல் சமன்பாடுகளை வைத்துக் கணக்குப் போடுவது. இதை முதன்முதலில் கையாலேயே செய்து பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற பிரிட்டன் விஞ்ஞானி. 1922இல் வெளியான அவருடைய கணக்கில், ஜெர்மனியில் ஓரிடத்தில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. பிற்காலத்தில் ஆராய்ந்தபோது அவருடைய வழிமுறை சரிதான் என்றும், தொடக்கத்தில் கொடுத்த காற்று, அழுத்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாததே பிசகுக்குக் காரணம் என்றும் தெரிந்தது. அந்த அளவுகளைச் சீர்படுத்திவிட்டு அதே கணக்கைப் போட்டால் நம்பும்படியான விடை வருகிறது.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாடல் எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் அது எங்கே போய்ச் சேரும் என்பதை முடிவு செய்கிறது. நாம் அதன் சமன்பாடுகளைச் சரிபார்க்க முடியாது. ஆனால் புறப்பட்ட இடத்தைச் சரிபார்க்கலாம், அதற்குத்தான் செயற்கைக்கோள் படம் கையில் இருக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் என்னுடைய ஒரே பதில் இதுதான்: மாடலைத் திறந்ததும் ஐந்தாம் நாளுக்குத் தாவாதீர்கள். இப்போது இந்த நேரத்துக்கு அது என்ன சொல்கிறது என்று பார்த்து, படத்தோடு ஒப்பிடுங்கள்.

அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை, 00, 06, 12, 18 யூடிசி நேரத் தரவுகளை வைத்து ஓடுகிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலும் (ஐரோப்பிய மாடல் என்பது இதைத்தான்) இதே நேரங்களில் ஓடுகிறது. கணக்கு முடிந்து நம் கைக்கு வர நான்கிலிருந்து ஏழு மணி நேரம் ஆகும். அதாவது நீங்கள் பார்க்கும் 'புது' முன்கணிப்பே ஏற்கனவே சில மணி நேரம் பழையது. அதை ஒரு குறையாகப் பார்க்காமல் தேர்வு வைக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு முன் புறப்பட்ட மாடல் இந்த நேரத்துக்கு எதிர்பார்த்த சுழற்சி எங்கே இருக்கிறது? படத்தில் எங்கே இருக்கிறது?

ஒரு முறை கடலில் ஒரு தாழ்வுப் பகுதி இருந்தது. நான் பார்த்த மாடல் அதன் மையத்தைச் சரியாக இடிமேகத் திரளுக்கு அடியில் வைத்து, மறுநாள் எங்களுக்குக் கனமழை என்று காட்டியது. முந்தைய இரவின் அகச்சிவப்புப் படமும் அதற்கு ஒத்துப்போனது. விடிந்ததும் வந்த முதல் கண்ணுறு ஒளிப் படத்தில், சுருள் சுருளான தாழ்மேகங்கள் சுற்றிக்கொண்டிருந்த இடம் இடிமேகத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, வெட்டவெளியாகக் கிடந்தது. மேலே ஒரு திசையில் காற்று, கீழே வேறு திசையில் காற்று. மேகத்தை மேல்காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது, சுழற்சி பின்தங்கிவிட்டது. இரவில் தாழ்மேகம் அகச்சிவப்பில் எடுபடாததால் யார் கண்ணிலும் படவில்லை. அன்று மாடல் காட்டிய மழையை நான் மனதுக்குள் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். மறுநாள் தூறலோடு போனது. அடுத்தடுத்த ரன்களில் (மாடலை ஒரு முறை ஓட்டுவது ஒரு ரன்) மாடலும் மையத்தைக் கிழக்கே நகர்த்திக்கொண்டது. அன்றைக்குக் கிடைத்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ஒரு படத்தை உண்மையிலேயே வாசித்தேன் என்று தோன்றிய முதல் நாள் அது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடலுக்குள் போகும் தரவுகளில் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோள்களிலிருந்தே வருகிறது. அதனால் படமும் மாடலும் முற்றிலும் தனித்தனிச் சாட்சிகள் ஆகிவிடாது. இருந்தாலும் அடர்ந்த மேகமும் மழையும் உள்ள இடங்களின் அளவீடுகளை மாடலுக்குள் சேர்ப்பது கடினம். சிக்கல் வருவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே கண்ணால் ஒப்பிடுவதற்கு இன்னமும் மதிப்பு உண்டு.

இப்போது இரண்டு மாடல் இரண்டு விதமாகச் சொன்னால்? 2012 அக்டோபரில் வந்த சாண்டி புயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மாடல் ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன்பே அது இடப்பக்கம் திரும்பி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மோதும் என்றது. ஜிஎஃப்எஸ் அதைக் கடலுக்குள் அனுப்பியது. அக்டோபர் 29 அன்று அது நியூ ஜெர்சியில் கரையேறியது. அதிலிருந்து ஐரோப்பிய மாடல்தான் எப்போதும் சரி என்று நினைப்பவர்கள் நிறைய. சராசரியாக அது முன்னணியில் இருப்பது உண்மை, ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்கு அது தோற்கவும் செய்யும். அதனால் எந்த மாடலுக்கும் ரசிகராகாமல் குழுமக் கணிப்பைப் பாருங்கள். தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாடலைப் பல முறை ஓட்டுவதுதான் அது. ஐரோப்பிய மையம் 51 முறை, ஜிஎஃப்எஸ் குழுமம் 31 முறை ஓட்டுகின்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வரும் கோடுகள் கயிறு போல ஒன்றாக வந்தால் நம்பலாம். விசிறி போல விரிந்தால், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்பதுதான் அன்றைய முன்கணிப்பு. ஆப்பில் வரும் மழைப் பொம்மை இதைச் சொல்லாது. பெரும்பாலும் அது ஏதோ ஒரு மாடலின் ஒற்றை ரன்னிலிருந்து எடுத்த ஓர் எண்.

மாடலின் மழை வரைபடத்தை மில்லிமீட்டர் கணக்கில் நம்பாதீர்கள். ஜிஎஃப்எஸ் கட்டம் ஏறக்குறைய 13 கி.மீ., ஐரோப்பிய மாடலுடையது ஏறக்குறைய 9 கி.மீ. இடிமேகக் கோபுரமே அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும், அதை மாடல் நேரடியாகக் காண்பதில்லை, தோராயமாக ஈடுகட்டுகிறது. வட்டாரம் முழுக்க 10 மி.மீ. என்று பூசினாற்போல வரைந்திருந்தால், நிஜத்தில் ஓர் ஊரில் 60, பக்கத்து ஊரில் பூஜ்யம் என்று அமையலாம். அதனால் இடிமழைக் காலத்தில் நான் மழை வரைபடத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் சுமார் 1.5 கி.மீ. உயரமான 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் காற்று எங்கே வந்து குவிகிறது, 3 கி.மீ. உயரமான 700இல் ஈரம் இருக்கிறதா, அப்புறம் மேலேயும் கீழேயும் காற்றுத் திசை எவ்வளவு வேறுபடுகிறது. இவற்றை மாடல்கள் மழையைவிட நன்றாகவே கணிக்கின்றன. சமையலுக்கு வேண்டிய சாமான் வந்துவிட்டதா என்று பார்ப்பது போல. அடுப்பு எந்தத் தெருவில் பற்றும் என்பதை மதியத்துக்கு மேல் செயற்கைக்கோளும் ரேடாரும்தான் காட்டும்.

செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பற்றியும் கேட்பீர்கள். ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியிலிருந்து அப்படி ஒன்றை வழக்கமான பயன்பாட்டில் வைத்திருக்கிறது. புயல் எந்தப் பாதையில் போகும் என்பதை இவை நன்றாகச் சொல்கின்றன. ஆனால் இவையும் புறப்படுவது பழைய மாடல்கள் புறப்படும் அதே தொடக்க நிலையிலிருந்துதான். மையத்தைத் தவறான இடத்தில் வைத்துத் தொடங்கினால் இவையும் தவறும். ஆகவே படத்தோடு ஒப்பிடும் அதே தேர்வை இவற்றுக்கும் வையுங்கள்.

கால அளவைப் பொறுத்தவரை என் கணக்கு இப்படி. அடுத்த ஐந்தாறு மணி நேரத்துக்குப் படம்தான் ராஜா. ஒரு நாளிலிருந்து ஐந்து நாள்வரை மாடல், படத்தால் திருத்திக்கொண்டு. ஒரு வாரத்துக்கு மேல் குழுமத்தின் போக்கு மட்டும். ஜிஎஃப்எஸ் 16 நாள்வரை வரைந்து தரும், பதினான்காம் நாள் புயலைப் படம் பிடித்துப் பகிர்வார்கள். அடுத்த ரன்னில் பெரும்பாலும் அது இருக்காது, அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையான புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் உங்கள் நாட்டு வானிலைத் துறை சொல்வதைக் கேளுங்கள். அவர்களிடம் நம் திரையில் வராத மிதவைகளும் பலூன்களும் ரேடார்களும் உண்டு.

தொடங்குவதற்கு, நாளைக் காலை மாடலைத் திறக்கும் முன் கடைசி ஆறு மணி நேரப் படங்களை மட்டும் ஓடவிட்டு, மாலைக்குள் மேகம் எங்கே இருக்கும் என்று உங்கள் ஊகத்தை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு மாடல் சொல்வதைப் பக்கத்தில் எழுதுங்கள். மாலையில் நடந்ததை மூன்றாவதாக எழுதுங்கள். ஒரு மாதம் எழுதிய பிறகு அந்தப் பக்கங்களோடு இங்கே வந்து கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.