இருமினால் சிறுநீர் கசிகிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. இரண்டும் சுகப்பிரசவம். ஒரு வருடமாக மாதவிடாய் முன்னே பின்னே வருகிறது. இருமினாலோ, சாதப் பாத்திரத்தைத் தூக்கினாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது. ஊரில் நடந்த இலவச ஸ்கேன் முகாமில், சின்னக் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்தால் இரண்டும் தீர்ந்துவிடும், காப்பீட்டு அட்டை போதும் என்றார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா?

பதில்: போகாதீர்கள் அம்மா. கசிவது சிறுநீர்ப்பையிலிருந்து. கர்ப்பப்பை அதற்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டை இடித்தால் நம் வீட்டுக் குழாய் ஒழுகுவது நிற்குமா? எடுத்த பிறகு கசிவு கூடிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இடுப்பெலும்புக்கு அடியில் தூளி கட்டியது போல ஒரு தசை விரிப்பு இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. பிரசவத்தில் அந்தத் தூளி இழுபட்டது. இப்போது மாதவிடாய் நிற்கப்போகிற பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் சிறுநீர்க் குழாயின் உட்சுவர் மெலிகிறது. போதாததற்குத் தினமும் பாத்திரம் தூக்குகிறீர்கள்.

கட்டி என்று பயமுறுத்தினார்களே, உங்கள் வயதில் சின்ன ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வரும் சாதாரணக் கட்டி, எத்தனையோ பேருக்கு இருக்கும். தொந்தரவு தராவிட்டால் அதை விட்டுவிடலாம், மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கும். முகாமுக்கு ஆள் பிடித்து வருகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போகிற ஊர்களும் உண்டு. நான் மிகைப்படுத்தவில்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்த விவகாரம் 2013-இல் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதில் 2023 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது. பத்து வருடம்! அதற்குள் எத்தனை முகாம் நடந்திருக்கும்? ‘அடுத்த வாரமே வாங்க’ என்று அவசரப்படுத்துகிற இடத்தில் உங்கள் அட்டையையும் ஆதாரையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், அரசு மருத்துவமனையானாலும் சரி.

உங்களுக்கு வேண்டியது பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் ஒரே சமயத்தில் உள்ளே மேல்நோக்கி இழுங்கள். தொடை, பிட்டம், வயிறு இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுசாக விடுங்கள். எட்டிலிருந்து பத்து தடவை, தினம் மூன்று வேளை, மூன்று மாதம். பத்து நாளில் பலன் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது தப்பு. அப்புறம், இருமல் வருகிறது என்று தெரிந்தவுடன் முதலில் இழுத்துக்கொண்டு பிறகு இருமுங்கள்.

ஆனால் ஒரு சாராருக்கு இந்தப் பயிற்சி ஆகாது. இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாமல் வருடக்கணக்காக அடக்கியே பழகிய சிலருக்கு இந்தத் தசை தளரவே மறந்திருக்கும். அதுவும் கசியும், ஆனால் இறுகிக்கிடப்பதால் கசியும். தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் வரக் காத்திருப்பது, மலம் முழுசாகப் போகாத உணர்வு, இழுத்தபின் ‘விட்டோம்’ என்பதே தெரியாமல் போவது, இதெல்லாம் அதன் அடையாளம். யூடியூபைப் பார்த்துத் தினம் இருநூறு தடவை இழுத்து, வலியோடு வந்த ஒரு பெண்ணை நான் முதலில் இரண்டு வாரம் வயிற்று மூச்சு விடத்தான் சொன்னேன். இறுக்கம் விடவே அவ்வளவு நாளானது. அந்த அடையாளம் ஏதாவது உங்களுக்கு இருந்தால் மேலே சொன்னதைத் தொடங்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

எங்கே இருக்கிறார் அவர் என்று கேட்பீர்கள். நியாயம்தான். பெரிய ஆஸ்பத்திரியில்கூட இதற்கென்று பழகியவரைத் தேட வேண்டியிருக்கிறது. கத்தி வைத்தால் காப்பீட்டில் பணம் வருகிறது, பன்னிரண்டு வாரம் உட்கார்ந்து சொல்லித்தந்தால் யார் தருகிறார்கள்?

பிறப்புறுப்பில் லேசர் வைத்து ‘இறுக்கித் தருகிறோம்’ என்கிற விளம்பரங்களுக்கும் காசைக் கொட்டாதீர்கள். தீக்காயமும் தழும்பும் வரலாம் என்று 2018-லேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்துவிட்டது. பிறப்புறுப்பின் உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அங்கே வரும் வறட்சிக்கு உதவும், மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்திருப்பீர்கள். அதனால் நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும்தான் வரும், முக்க முக்கத் தூளி இன்னும் தொய்யும். சாதப் பாத்திரத்தை நாளையிலிருந்து இரண்டு பேராகப் பிடியுங்கள்.