சில பிடிஎஃப் மட்டும் பாஸ்வேர்டு கேட்பதில்லை, ஏன்?

கேள்வி: மாதம் 600 சம்பளச் சீட்டுகளைப் பைத்தான் நிரலில் பிடிஎஃப்பாக்கி, பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்கிறோம். சில கோப்புகள் பாஸ்வேர்டு கேட்காமலே திறக்கின்றன. சிலவற்றில் சரியான தேதியைக் கொடுத்தாலும் ஏற்பதில்லை. எங்கே பிழை?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. பிடிஎஃப்பில் திறப்பதற்கு யூசர் பாஸ்வேர்டு, அச்சிடுவது, நகலெடுப்பது போன்ற அனுமதிகளுக்கு ஓனர் பாஸ்வேர்டு என இரண்டு உண்டு. யூசர் பாஸ்வேர்டு வெற்றாகப் போனால், என்கிரிப்ட் ஆன கோப்பும் கேட்காமலே திறந்துகொள்ளும். பட்டியலில் தேதிக் கட்டம் காலியாக உள்ள ஊழியர்களைத் தேடுங்கள். காலியென்றால் கோப்பை உருவாக்காமல் நிரல் அங்கேயே நிற்கட்டும்.

ஏற்காதவற்றுக்குப் பெரும்பாலும் எக்செல்தான் காரணம். 05081990 என்பதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்பூஜ்யத்தை விழுங்கிவிடும். பாஸ்வேர்டு 5081990 ஆகிவிடும். 1 முதல் 9ஆம் தேதிக்குள் பிறந்தவர்களுக்கு மட்டும் தகராறு என்றால் இதேதான். கட்டத்தை டெக்ஸ்ட்டாகப் படித்து, ஸ்ட்ரிப் போட்டு ஓர இடைவெளியை நீக்கி, இசட்ஃபில் 8 கொடுங்கள்; அது எட்டு இலக்கம் வரும்வரை முன்னால் பூஜ்யம் சேர்க்கும். காலிக் கட்டத்துக்கு இசட்ஃபில் எட்டுப் பூஜ்யம் போட்டுவிடும். ஆகவே காலிச் சோதனை அதற்கு முன்னால் வரவேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் வெவ்வேறு ஆட்களுக்குச் சிக்கல் வந்தால் உடனே அனுப்புவதை நிறுத்துங்கள். நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் பல த்ரெட்கள் (இணை வேலைகள்) ஒரே தற்காலிகக் கோப்பில் எழுதினால் இப்படி ஆகும். ஒருவர் சம்பள விவரம் இன்னொருவர் கைக்குப் போகக்கூடும். ஒரே த்ரெட்டில் ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் கோப்புப் பெயர் கொடுங்கள்.

அனுப்புமுன் நிரலே ஒவ்வொரு கோப்பையும் முதலில் வெற்றுப் பாஸ்வேர்டால் திறக்க முயலட்டும். அது தோற்க வேண்டும். பிறகு உரிய பாஸ்வேர்டால் திறந்து, உள்ளே ஊழியர் எண் பொருந்துகிறதா என்று பார்க்கட்டும்.